களைக்கும் பெயர் உண்டு

தங்கம் முடிந்துபோன ஊரில், தண்ணீர் கேட்காத பூந்தோட்டம்

ராபர்ட்சன்பேட்டையில் மழை விட்டதும் ஒரு வேலை நடக்கும். வீட்டு முன்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் 'காட்டை' வெட்டிச் சுத்தம் செய்ய ஆள் தேடுவார்கள். கூலி பேசி முடித்தால் அரை நாளில் வாசல் மொட்டையாகிவிடும். வெட்டிப் போட்ட குவியலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் உள்ளே தும்பை, பூளை, கொழுஞ்சி, நாயுருவி, சில சமயம் ஓர் ஆவாரங்கன்று கூடக் கிடக்கும். இரண்டு மாதம் கழித்துப் பொங்கல் வருகிறது. தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலையோடு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேண்டும். வெட்டச் சொன்ன அதே வீட்டுக்காரர் அப்போது எம்.ஜி. மார்க்கெட்டில் நின்று, அதே செடியின் ஒரு பிடியை விலை கேட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

எது பூச்செடி, எது களை என்ற இந்த ஊரின் கணக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் போடப்பட்டது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சன் பெயரில், சுரங்கப் பகுதிக்கு அருகில், குறுக்கும் நெடுக்குமான நேர்த் தெருக்களோடு இந்தப் பேட்டை எழுந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பேத்தமங்கலத்தில் தேங்கிய பாலாற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம், இதமான குளிர். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஊர் பிடித்துப்போய்விட்டது. 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். பங்களாவுக்குத் தோட்டம், தோட்டத்துக்கு ரோஜா, டாலியா, ஆஸ்டர், இவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மாலி. நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூர் லால்பாக்கில் 1908 முதல் ஜெர்மன்காரர் கிரும்பிகல் உலகத்துப் பூமரங்களையெல்லாம் கொண்டுவந்து வளர்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ரசனையின் காற்று இங்கேயும் வீசியது.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு லைன் வீடுகள். அங்கே தோட்டத்துக்கு ஏது இடம்? தகர டின்னில் ஒரு துளசி, ஒரு கனகாம்பரம், ஒரு டிசம்பர் பூ. ஆனால் நல்ல தோட்டம் என்றால் எது என்ற அளவுகோல் மட்டும் பங்களாவிலிருந்து லைனுக்கு இறங்கிவிட்டது. தினம் தண்ணீர் கேட்பது பூச்செடி. தானாக முளைப்பது களை.

பங்களாவும் தானாக வந்ததல்ல என்பது தனி விஷயம். நம் வாசல்களில் 'நம்ம ஊர்ப் பூ' என்று நிற்பவற்றில் பாதி கப்பலில் வந்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கரைச் சேர்ந்தது. துலுக்கச் சாமந்தி மெக்சிகோவிலிருந்து, அந்திமந்தாரையும் காகிதப்பூவும் தென் அமெரிக்காவிலிருந்து. சாமந்திக்குப் பூர்வீகம் சீனா. இவற்றையெல்லாம் நாடு கடத்தச் சொல்வது என் நோக்கமல்ல. இத்தனை நாட்டுப் பூவுக்கு இடம் கொடுத்த வாசலில், இதே மண்ணில் பிறந்த பூவுக்கு மட்டும் ஏன் மண்வெட்டி என்பதுதான் கேள்வி.

கேள்வியை அவசரமாக்கியது தண்ணீர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பூமிக்குள் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. மேலே, வீட்டுக் குழாயில் அது வருவது அபூர்வம். கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடி தோண்டியும் வெறும் புழுதி வந்த போர்வெல்கள் கணக்கில்லாமல் உண்டு. குடம் எண்ணிச் செலவழிக்கிற ஊரில் ரோஜாவுக்கு யார் ஊற்றுவது? இதோடு புழுதி வேறு. தாதுவை மாவாக அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பின் கொட்டிய கழிவு மண் 13 மேடுகளாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூள் ஊர் மேல் இறங்குகிறது. இலை மேல் படிந்த தூளைக் கழுவாவிட்டால் டாலியா வாடிவிடும். கழுவுவதற்கும் தண்ணீர் வேண்டும்.

ஆகவே என் வீட்டு முன்புறத்து 20க்கு 12 அடி நிலத்தில், வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பெயர் கேட்கத் தொடங்கினேன். என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. பெயரில்தான் எனக்கு முதல் அக்கறை. இந்த ஊரில் ஒரு செடிக்குப் பெயர் கேட்டால் மூன்று மொழியில் பதில் வரும். தமிழில் எருக்கு, கன்னடத்தில் எக்க, தெலுங்கில் ஜில்லேடு. தும்பை கன்னடத்தில் தும்பெ. ஆவாரையைக் கன்னடக்காரர் தங்கடி என்பார், தெலுங்குக்காரர் தங்கேடு என்பார். தங்கவயலில் அந்தச் சொல் காதில் கொஞ்சம் வேறு மாதிரிதான் விழுகிறது. தெலங்கானா அதையே தன் மாநிலப் பூவாக வைத்திருக்கிறது. விஷ்ணுகிராந்திக்கு மூன்று மொழியிலும் ஏறக்குறைய அதே பெயர். வயதானவர்களிடம் கேட்டால் பெயரோடு ஒரு வைத்தியமும் சேர்ந்து வரும். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதும், அவருடைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது என்பதும் அப்போது நினைவுக்கு வரும். முப்பது வயதுக்குக் கீழே கேட்டால் மூன்று மொழியிலும் ஒரே பதில்: "களை."

தமிழில் எம்.ஏ. படித்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். வேறு எந்த இலக்கியம் தன் இலக்கணத்துக்கே காட்டுப்பூக்களின் பெயரை வைத்திருக்கிறது? குறிஞ்சி, முல்லை என்று காதலுக்கு. வெட்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போருக்கு. நேருக்கு நேர் நின்று போரிடுபவன் சூடியது தும்பை. கோட்டைக்குள் இருந்து காப்பவன் சூடியது நொச்சி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசைப்படுத்துகிறார். 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்ட உ.வே. சாமிநாதையருக்கு அந்த வரிசையில் சில பூக்கள் மட்டும் சுவடியில் சிதைந்து போயிருந்தன. அவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. மடம் மடமாகத் தேடி, கடைசியில் தருமபுரம் ஆதீனத்தில் இருந்த பழைய ஏட்டில் விடுபட்ட பெயர்களைக் கண்டெடுத்தார். இரண்டு மூன்று பூப்பெயருக்காக ஒரு மனிதர் அத்தனை அலைந்தார். அவர் மீட்ட பாட்டை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய நாம், பாட்டில் உள்ள செடி வாசலில் முளைத்தால் ஆள் வைத்துப் பிடுங்குகிறோம். பாட்டில் வரும் செடி இன்று எது என்று தெரியாதவர்களுக்கு, பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' 1967லேயே வந்துவிட்டது.

என் நிலத்தில் முதல் இடம் ஆவாரைக்கு. ஆள் உயரத்துக்கு வளரும். வருடத்தில் பல மாதம் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பாலாறு இங்கிருந்து இறங்கிப் போகும் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் முக்கியச் சரக்கு. பிறகு தென் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, அதன் பிறகு குரோமியம் வந்தது, பாலாறு என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். பூவில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் திறந்து கிடக்காது. மகரந்தப் பையின் நுனியில் சின்னத் துளை. உப்புக் குப்பி மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தில் துளை போடும் கறுப்புக் கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். மகரந்தம் வண்டின் வயிற்றில் பொடியாக விழும். காலை ஏழு மணிக்குக் காப்பி டம்ளரோடு நின்றால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஆவாரையின் நெற்று காய்ந்து பழுப்பாகும்போது விதை எடுக்க வேண்டும். மேல்தோல் கெட்டி, அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து, சூடான தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க அதிலேயே ஆறவிட்டு, உப்பியதை மட்டும் ஊன்றினால் முளைத்துவிடும். தொட்டியில் வளர்த்து மாற்றுவதைவிட நின்ற இடத்திலேயே ஊன்றுவது மேல். ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி. முதல் வருடம் கோடையில் வாரம் ஒரு முறை ஒரு சொம்பு. பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டுப் பச்சைப் புழு இலையைத் தின்னும்போது மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது. இலை திரும்பத் துளிர்க்கும்.

தும்பைக்கு இந்த உபசாரமெல்லாம் வேண்டாம். காய்ந்த செடியைப் பிடுங்கி, வேண்டிய இடத்தில் உதறினால் போதும். விதையை மண்ணில் புதைத்தால் முளைக்காது. மேலாகத் தூவிக் கையால் தட்டிவிட வேண்டும். மழைக்குப் பின் பாத்தி முழுக்க வெள்ளை. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ அதைத் தேடி வரும். ஓரிடத்தில் நிற்காது, போட்டோ எடுப்பவரின் பொறுமையைச் சோதிக்கும்.

விஷ்ணுகிராந்தி தரையோடு படரும். மிளகு அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீலப் பூ, காலையில் விரிந்து வெயில் ஏறச் சுருங்கிவிடும். நடைபாதைக் கல்லுக்கு இடையில் விட அதைப்போல ஒன்று இல்லை. நர்சரியில் தொங்கு தொட்டியில் நீலமாகப் பூத்து அதே பெயரில் விலைபோவது பெரும்பாலும் அதன் பிரேசில் நாட்டுத் தாயாதி. பூ பெரிது, அழகுதான். ஆனால் அதற்குத் தினம் தண்ணீர் வேண்டும்.

வேலிக்கு நொச்சி. கிளையை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும், ஊதாப் பூ வைக்கும். வேலி மூலையில் ஓர் எருக்கு இருக்கட்டும். மஞ்சளும் கறுப்பும் வெள்ளையும் பட்டை போட்ட புழு அதில் மேயும். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதுதான் வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியாகிறது. பக்கத்தில் கிலுகிலுப்பை ஒன்று வைத்தால் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். இந்த இனத்து ஆண் பூச்சிகள் அதன் காய்ந்த தண்டிலும் இலையிலும் மொய்த்து ஒரு ரசாயனத்தை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வெட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ, ஜிம்பாப்வேயின் தேசியப் பூ, ஈழத்தில் கார்த்திகைப் பூ, விவசாயிக்குக் கண்வலிக்கிழங்கு. சங்கப் புலவர்களுக்குப் பெண்ணின் விரல். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு நொச்சி வேலியில் ஏறும். இதழ் விரியும்போது பச்சை மஞ்சள். பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, கடைசியில் முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் மூன்று நிறத்தில் பூ நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, மூன்று செடி நட்டிருக்கிறேன் என்றே நம்பினார். கிழங்கு 'வி' எழுத்து வடிவில் இருக்கும். இரண்டு முனையில்தான் முளைக் கண் உண்டு. அது ஒடிந்தால் அந்த வருடம் போயிற்று. கோடை மழைக்கு முன், மூன்று விரல் ஆழத்தில் படுக்கை வாட்டத்தில் வைக்க வேண்டும். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து மறைந்துவிடும். செத்துவிட்டது என்று கொத்திப் போடாமல் அந்த இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. சின்னக் குழந்தைகளும் நாயும் உள்ள வீட்டில் இது வேண்டாம். கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி வரவும் வேண்டாம்; மூலனூர், தாராபுரம் பக்கத்தில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள், விலைக்குக் கிடைக்கும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரின் சரளைச் செம்மண்ணே போதும். எரு அதிகம் போட்டால் தும்பை உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். ஆவாரை இலையாகத் தழைத்துப் பூவைக் குறைக்கும். மெலிந்த மண்ணில் வாழப் பழகியவற்றுக்கு விருந்து ஒத்துக்கொள்ளாது. ஆனால் சயனைடு மேட்டடியிலிருந்து மட்டும் மண் அள்ளி வராதீர்கள். நைசாக, பார்க்க மணல் போலத்தான் இருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு ஆகாது.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்சேபம் ஒன்றுதான்: பாம்பு வரும். நியாயமான பயம். ஆனால் பாம்பு பூவைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது, எலி குப்பையைத் தேடி வருகிறது. நடைபாதையை இரண்டு அடி அகலத்துக்குச் சுத்தமாக வைத்து, பாத்தியின் ஓரத்துக்குக் கல் வரிசை கட்டி, முன்னால் குட்டைச் செடி, பின்னால் உயரச் செடி என்று ஒழுங்கு செய்ததும் ஆட்சேபம் அடங்கியது. கல் வரிசை கட்டியதும் காடு தோட்டமாகிவிடுகிறது. மனித மனம் அப்படி.

எல்லாம் தானாக வளரட்டும் என்று விட்டுவிட்டால் அதுவும் ஆகாது. முதலில் வருவது பார்த்தீனியம்தான். கன்னடத்தில் 'காங்கிரஸ் கிட' என்பார்கள். 1950களில் புனே பக்கம் தலைகாட்டி நாடு முழுக்கப் பரவியது. 1984இல் அதைத் தின்ன மெக்சிகோ வண்டைக் கொண்டுவந்து பெங்களூரில் விட்டார்கள். வண்டும் இருக்கிறது, செடியும் இருக்கிறது. பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். சிலருக்குத் தோல் அரிப்பு வரும். அடுத்தது உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அலங்காரத் தோட்டச் செடியாகத்தான் வந்தது. இன்று காடு காடாக விழுங்கிவிட்டது. தோட்டப்பூ காட்டுக்குக் களையானது, காட்டுப்பூ தோட்டத்துக்குக் களையானது. இரண்டிலும் தீர்ப்பு நம்முடையதுதான்.

இதை ஓய்வு நேரப் பொழுதுபோக்காக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் உண்டு. சுரங்கம் மூடிய பிறகு கால் நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்த நிலங்களில்தான் ஊரின் விதைக் களஞ்சியம் இருக்கிறது. லைன்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்கள், பழைய ரயில்பாதையின் ஓரங்கள், மேடுகளைச் சுற்றிய தரிசு. 2024 ஜூனில், 1,003 ஏக்கரில் கிடக்கும் அந்த 13 கழிவு மேடுகளை ஏலம் விட்டு, மிச்சத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை போன ஊருக்கு வேலை வருமானால் யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை, நானும் மாட்டேன். லாரியும் பொக்லைனும் வந்தால் தரிசுகள் போகும் என்பதும் நிச்சயம். தரிசைக் காக்கச் சட்டம் இல்லை, மனுப் போட்டாலும் 'அங்கே என்ன இருக்கிறது' என்றுதான் கேட்பார்கள்.

நமக்கு டாலியாவைக் கொடுத்துவிட்டுப் போன நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். பிரிட்டனில் 1930களில் இருந்த காட்டுப்பூப் புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்துவிட்டதாக 1980களில் கணக்கெடுத்துச் சொன்னார்கள். இப்போது அங்கே பாப்பி விதையைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், முனிசிபாலிட்டிகள் சாலை ஓரப் புல்லை வெட்டாமல் விடுகின்றன. அமெரிக்காவில் ஜனாதிபதி ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் 1982லேயே டெக்சாஸில் காட்டுப்பூ ஆராய்ச்சிக்கென்று ஒரு மையம் தொடங்கினார். போன பிறகு திரும்ப வாங்குவதற்கு அங்கே பணம் இருக்கிறது. இங்கே இன்னும் போகவில்லை, சும்மா கிடைக்கிறது.

ஆகவே பூ முடிந்து நெற்று காயும் நாட்களில் பழைய கடித உறைகளோடு ஒரு நடை போய்வருகிறேன். பத்துச் செடி உள்ள இடத்தில் ஒன்றிலிருந்து மட்டும் விதை. உறை மேல் தேதி, இடம், மூன்று மொழியிலும் பெயர். ஈரம் படாமல் நிழலில் காயவைத்துத் தகர டப்பாவில் போட்டால் ஆவாரையும் கிலுகிலுப்பையும் வருடக்கணக்கில் கெடாது. தும்பையை அடுத்த மழைக்கே தூவிவிடுவது நல்லது. கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு சிட்டிகை கொடுக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எப்போது பூக்கும்? தும்பை என்றால் இந்த மழைக்கே. ஆவாரை என்றால் அடுத்த வருடம். காந்தளை விதையிலிருந்து வளர்ப்பதானால் குறைந்தது மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.